தன் வீட்டைச் சொல்லத் தெரியாத தமிழர்

கட்டு என்னும் அடியாகப் பிறந்த சொல் கட்டடம். ஒற்று என்பதனின்று ஒற்றடம் பிறந்தாற்போலக் கட்டு என்பதனின்று கட்டடம் பிறந்தது. கட்டிடம் என்று எழுதின் அது கட்டுதற்குரிய இடத்தைக் குறிக்குமேயன்றிக் கட்டி முடித்த மனையைக் குறிக்காது. இவ்வேறுபாட்டை அறியாமை ஒரு குறையே. எனினும் அது சிறு குறை. கட்டடம் என்னும் பொருளைப் பற்றியே, தான் பிறந்து வளர்ந்த வீட்டைப் பற்றியே, தன்னைப் பெற்றவள் உழைக்கும் கூடத்தைப் பற்றியே, இரண்டு மணித்துளி தொடர்ந்து பேச வாய் வாராமை பெருங்குறை. அப்பெருங்குறை இன்று அயலார் நடத்தும் ஓர் ஆங்கிலத் தேர்வின் அறையிலே அம்பலமாகி நிற்கின்றது.

ஐ.இ.எல்.டி.எசு. எனப்பெறும் பன்னாட்டு ஆங்கிலத் தேர்வு 1989ஆம் ஆண்டு முதல் இப்பெயரால் நடைபெற்று வருகின்றது. கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என நான்கு உறுப்புடையது அத்தேர்வு. பேச்சுத் தேர்வு 11 முதல் 14 மணித்துளி வரை நடக்கும். அதன் இரண்டாம் பகுதியில் ஆய்வாளர் ஓர் அட்டையை நீட்டுவார். அட்டையில் ஒரு பொருள் குறிக்கப்பெற்றிருக்கும். எண்ணிப் பார்க்க ஒரு மணித்துளி. அதன்பின் ஒன்று முதல் இரண்டு மணித்துளி வரை தேர்வெழுத வந்தவர் தாமே பேசுதல் வேண்டும். அவ்வாறு வரும் பொருள்களுள் கட்டடமும் ஒன்று. அறிந்த கட்டடம் ஒன்றைக் கூறுக. அஃது எங்குள்ளது, எத்தோற்றத்தது, எதற்குப் பயன்படுவது, அதன்மேல் விருப்பம் ஏன் என்பன போல வினாக்கள் அமையும். மதிப்பெண் பேச்சின் ஒழுக்கிற்கு ஒரு பங்கு, சொல்வளத்திற்கு ஒரு பங்கு, இலக்கணத்திற்கு ஒரு பங்கு, ஒலிப்பிற்கு ஒரு பங்கு எனப் பகுக்கப்பெறும். கட்டடத்தின் புகழுக்கு அங்கே மதிப்பெண் இல்லை.

இத்தேர்வு விளையாட்டன்று. இதன் வழியே பிரித்தானியாவிற் செவிலியாகப் பதிவுபெற விழைவோர், கேட்டல், படித்தல், பேசுதல் என்னும் மூன்றிலும் 9க்கு 7உம், எழுதுதலில் 6.5உம் பெறுதல் வேண்டும். அரைப் புள்ளி குறைந்தால் மீண்டும் பணம் கட்டி மீண்டும் எழுதுதல் வேண்டும். கடன் வாங்கிப் படிக்கவைத்த குடும்பத்திற்கு அந்த அரைப் புள்ளி ஓராண்டு வாழ்க்கை.

சிவகாசிப் பக்கத்துச் சிற்றூரிற் பிறந்து, செவிலிப் படிப்பை முடித்து, அவ்வட்டையின் முன் அமரும் ஒரு பெண்ணை எண்ணிப் பார்க்க. அவள் வாயில் முதலில் வருவது எது? ஆக்ராவின் தாசுமகால், அன்றேல் துபாயின் 828 மீட்டர் உயர்ந்த புர்சு கலீபா. அவ்விரண்டனையும் அவள் கண்ணாற் கண்டதில்லை. பயிற்சித் தாளிற் படித்து நெட்டுருச் செய்தாள். வெண்பளிங்கு என்பாள், காதலின் சின்னம் என்பாள், நாற்பது நொடியிற் பாடம் தீர்ந்துவிடும். எஞ்சிய மணித்துளியில் நா உலரும். நெட்டுருவை இனங்காணப் பயின்றவரே எதிரில் அமர்ந்திருக்கும் ஆய்வாளர். ஒப்பிக்கும் பேச்சுக்கு உயர்ந்த புள்ளி வாராது.

அவளுக்குச் சொல்லக் கட்டடம் இல்லையா? விருதுநகர் மாவட்டத்திற் பிறந்தவளுக்கா இல்லை? திருவில்லிபுத்தூரில் பதினொரு நிலைக் கோபுரம் வானளாவி நிற்கின்றது. விருதுநகரிற் காமராசர் வளர்ந்த வீடு, ஒரு நாட்டின் தலைமையமைச்சர் யாவர் என்று முடிவு செய்தவர் எத்துணைச் சிறிய கூரையின்கீழ் வளர்ந்தார் என்பதைக் காட்டி நிற்கின்றது. அதே ஊரில் 1889ஆம் ஆண்டு எழுந்த சத்திரிய வித்தியாசாலை, வணிகர் தம் மகமையையும் பெண்டிர் அடுப்படியில் ஒதுக்கிவைத்த பிடியரிசியையும் கொண்டு வளர்ந்த பள்ளி. காமராசர் பயின்றதும் அங்கேயே. இராசபாளையத்தை அடுத்த முறம்பிற் பாவாணர் கோட்டம் உள்ளது. வைப்பாற்றங்கரையில் வெம்பக்கோட்டையில் 2022ஆம் ஆண்டு முதல் அகழ்ந்த குழிகள், பழந்தமிழர் வாழ்விடத்தை மண்ணுக்கடியிலிருந்து வெளிக்கொணர்ந்தன. ஒரு கைப்பிடி அரிசியால் ஒரு பள்ளி எழுந்தது என்னும் செய்தியைக் கேட்கும் அயல்நாட்டு ஆய்வாளர், தாசுமகாலை ஆயிரம் முறை கேட்ட காதைக் கூர்மையாக்கி நிமிர்ந்து அமர்வாரல்லரோ?

ஆயின் அவள் அவற்றைச் சொல்லாள். சொல்லலாம் என்று எவரும் அவளுக்குச் சொல்லவில்லை. சொல்லத் துணிந்தாலும் சொல் இல்லை. ஆங்கிலச் சொல் இல்லை என்பதன்று இங்குக் குறை. அதற்கு முன்னரே தமிழ்ச்சொல் இல்லாமற் போயிற்று.

அவள் பாட்டிக்கு வீடு என்பது ஒரு முழுநூல். திண்ணை, நடை, முற்றம், தாழ்வாரம், கூடம், அடுக்களை, பரண், கொல்லை என்று அவள் நடந்த இடமெல்லாம் பெயருடையது. நிலை, படி, தாழ், விட்டம், உத்தரம், கைமரம், தூண், போதிகை என்று கண்ட மரமெல்லாம் பெயருடையது. பேத்திக்கோ எல்லாம் ‘ஆல்’, ‘ரூம்’, ‘கிச்சன்’, ‘செட்டு’. எட்டுப் பெயர் வழங்கிய வீட்டில் இன்று நான்கு பெயர் வழங்குகின்றன, அந்நான்கும் இரவல்.

அப்பாட்டியின் சொற்செல்வம் நாட்டுப்புறத்தார் வழக்கு மட்டும் அன்று. நக்கீரர் பாடிய நெடுநல்வாடை, அரண்மனைக்கு மனை வகுத்த முறையைக் கூறுகின்றது. இரு கோல்களை நட்டு, அவற்றின் நிழலால் திசை துணிந்து, கயிறு பிடித்துக் கோடு வகுத்த வல்லுநரை அது காட்டுகின்றது. அரண்மனையின் நிலை, கதவு, தாழ் ஆகியவற்றின் அமைதியை அது அடுக்கிக் கூறுகின்றது. ஒரு கட்டடத்தைப் பற்றித் தொடர்ந்து பேசுக என்று ஈராயிரம் ஆண்டுகட்குமுன் ஒரு தமிழ்ப்புலவரைக் கேட்டிருப்பின் அவர் நிறுத்துதற்கு ஆய்வாளர் மணியடிக்க வேண்டியிருந்திருக்கும்.

சன்னல் என்னும் ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொள்க. அது போர்த்துக்கீசியர் கொணர்ந்த சொல். அவர் வருமுன் தமிழர் வீட்டிற்குக் காற்று வரவில்லையா? கால் என்பது காற்று. அதர் என்பது வழி. காற்று வரும் வழி காலதர். சிலப்பதிகாரம் ஆண்ட சொல் அது. பல கண்களை உடையது பலகணி. ஆங்கிலத்தின் ‘விண்டோ’ என்னும் சொல்லோ வடபுலத்து நார்சு மொழியினின்று வந்தது. அதன் முதற்பொருள் காற்றுக்கண் என்பதே. காற்றையும் கண்ணையும் ஒருங்கு நோக்கிப் பெயரிட்ட அறிவு இரு மக்களுக்கும் ஒத்திருந்தது. அதைத் தமிழ்வழி அறிந்த பெண், ஆங்கிலச் சொல்லையும் ஒருமுறை கேட்ட அளவில் மறவாள். இரண்டையும் அறியாதவளோ ‘சன்னல்’ என்று தமிழில் போர்த்துக்கீசியம் பேசிக்கொண்டு, ஆங்கிலத்துக்கு அஞ்சி நிற்பாள்.

விருதுநகர் வணிகர் ஊர். மிளகாயும் பருப்பும் எண்ணெய்வித்தும் மூட்டை மூட்டையாய் அடுக்கப்பெறும் ஊர். அங்கே சரக்கடுக்கும் கட்டடத்தை இன்று எல்லாரும் ‘குடோன்’ என்பர். ஆங்கிலம் என்று எண்ணியே அவ்வாறு கூறுவர். அச்சொல்லின் வேரைத் தேடும் ஆங்கில அகரமுதலிகளோ, போர்த்துக்கீசிய வழியாகத் தமிழ்க் கிடங்கையும் அதன் இனச்சொற்களையுமே சுட்டுகின்றன. பந்தல் என்னும் சொல்லும் அவ்வாறே ஆங்கில அகரமுதலியில் ஏறியுள்ளது. தன் வீட்டுப் பொருளைப் பிறன் வாயிற் கண்டு, அவனது என்று எண்ணி, அவனிடமே கடன் கேட்டு நிற்கும் இரங்கத்தக்க நிலை இது.

இந்நிலைக்குத் தேர்வு நடத்தும் அயலாரைப் பழித்துப் பயனில்லை. தம் நாட்டுக்கு வருவார் தம் மொழியிற் பேசவேண்டும் என்று அவர் கேட்பது அவர்க்குரிய உரிமை. அதில் அவர் காட்டும் கண்டிப்பு தமிழர் கற்கவேண்டிய பாடம். பழி பள்ளியினது, பள்ளியை நடத்தும் ஆட்சியினது, ஆங்கிலவழி என்னும் பலகையைக் கண்டு மயங்கிய பெற்றோரது. மழலை மாறா முன்னரே குழந்தையைத் தாய்மொழியினின்று பிரித்து, அறியாத மொழியில் அறியாத பொருளை ஒப்பிக்கவைத்தனர். அதன் பயனாய் அக்குழந்தை பதினைந்தாண்டு ஆங்கிலவழியிற் பயின்ற பின்னும், ஆங்கிலத்தில் ஒரு கட்டடத்தைச் சொல்ல ஆறு திங்கள் தனிப்பயிற்சிக்குப் பணம் கட்டி நிற்கின்றது. ஆங்கிலவழி ஆங்கிலத்தையேனும் தந்திருக்குமாயின் இப்பயிற்சிக் கூடங்கட்கு வேலை ஏது?

தமிழ் வகுப்பின் நிலையும் உயர்ந்ததன்று. 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றற் சட்டத்தால் பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயமாயிற்று. தமிழ்நாட்டரசுப் பணித்தேர்வுகளில் தமிழ்த் தகுதித்தாளில் 40 விழுக்காடு பெறுதல் வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு ஆணை பிறந்தது. இவை வரவேற்கத் தக்கனவே. ஆயினும் இவையெல்லாம் எழுத்துத் தேர்வுகள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் தமிழ்த்தாளில் நூறு மதிப்பெண்ணும் எழுதுவதற்கே. வாய் திறந்து பேசுவதற்கு ஒரு மதிப்பெண்ணும் இல்லை. ஆங்கிலேயன் தன் மொழியைப் பேசச்சொல்லிக் கேட்டுப் பார்க்கின்றான். தமிழ்நாடு தன் மொழியைப் பேசச்சொல்லிக் கேட்டதே இல்லை.

இதுகாறும் கூறியது பிழைப்பைப் பற்றியது. இனிக் கூறுவது உயிரைப் பற்றியது. கட்டடத்தைப் பற்றிப் பேசத் தெரிந்திருத்தல், சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பகுதிகளில், அயல்நாட்டுத் தேர்வறையிலன்றித் தமிழ்மண்ணிலேயே உயிர்காக்கும் அறிவாக நிற்கின்றது.

அப்பெண்ணின் தாய் எங்கே வேலை செய்கின்றாள் என்று கேட்டால், ‘ஆபீசுக்குப் போகின்றாள்’ என்பாள். தீப்பெட்டி ஆபீசு, பட்டாசு ஆபீசு என்பதே அவ்வட்டார வழக்கு. அதே சொல்லைத் தேர்வறையில் ஆங்கிலமாக உரைப்பின், மேசையும் நாற்காலியும் தாளும் உடைய ஓர் அறையையே ஆய்வாளர் எண்ணிக்கொள்வார். உண்மையில் அது என்ன? பனையும் முள்ளும் நிற்கும் வறண்ட பொட்டலில், ஒன்றைவிட்டு ஒன்று விலகி, தனித்தனியே நிற்கும் சிற்றறைகளின் தொகுதி. அறைக்கும் அறைக்கும் இடையே இத்தனை மீட்டர் என்பது வரையறை. ஓர் அறைக்குள் இத்தனை பேர், இத்தனை கிலோ மருந்து என்பது வரையறை. கதவு வெளிப்புறமாகவே திறத்தல் வேண்டும். ஓடுகின்றவரைக் கதவு தடுத்தல் ஆகாது. தரையில் மணலும் பரலும் படிதல் ஆகாது. இரும்புக் கருவி புகுதல் ஆகாது. உராய்வினின்று ஒரு பொறி பிறப்பின் அறை முழுதும் தீ. அக்கட்டடத்தின் ஒவ்வோர் உறுப்பும் காரணம் பற்றி அமைந்தது. தாசுமகாலின் பளிங்கைவிட அந்த அறையின் கதவைப் பற்றிச் சொல்லுதற்கு மிகுதியாக உண்டு.

அவ்வரையறைகள் எம்மொழியிற் பிறந்தன? வெடிபொருட் சட்டம் 1884ஆம் ஆண்டு வெள்ளையர் இயற்றியது. அதன் வழியே 2008ஆம் ஆண்டு வகுக்கப்பெற்ற நெறிமுறைகள் இந்திய அரசிதழில் இந்தியிலும் ஆங்கிலத்திலுமே மூலமாக வெளிவருவன. அவற்றைச் செயற்படுத்தும் வெடிபொருட் பாதுகாப்பு அமைப்பின் தலைமையகம் நாகபுரியில் உள்ளது. இந்தியாவின் பட்டாசிற் பெரும்பங்கைச் செய்து தரும் தமிழ்க்கைகள் சிவகாசியில். அக்கைகளைக் காக்கும் சொற்கள் மூலத்தில் அயன்மொழியில். சட்டத்தின் சொல் ஆலை முதலாளியின் கணக்கரை அடைந்து, அவர் சொல் மேற்பார்வையாளரை அடைந்து, அவர் சொல் தொழிலாளியை அடைவதற்குள், ‘இத்தனை பேருக்கு மேல் கூடாது’ என்பது ‘சரி, இன்று மட்டும்’ என்று தேய்ந்துவிடுகின்றது.

2012ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் நேர்ந்த வெடியில் நாற்பதின்மர் அளவில் மாண்டனர். தீயைக் கண்டு உதவ ஓடியவரும் பார்க்கச் சென்றவரும் அவருள் இருந்தனர். 2021ஆம் ஆண்டு பிப்பிரவரி 12ஆம் நாள் அச்சங்குளத்தில் நேர்ந்த வெடியில் இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இவற்றிற்கு முன்னும் பின்னும் மாண்டவர் பலர். ஒவ்வொரு முறையும் செய்தித்தாளில் வருவன அவையே: வரம்பை மீறிய ஆள், வரம்பை மீறிய மருந்து, அறைக்கு வெளியே மரத்தடி வேலை, உரிமம் பெற்றவர் ஒருவர், உள்குத்தகைக்கு நடத்தியவர் மற்றொருவர். இக்கேடுகளுக்கு முதற்காரணம் பேராசையும் கண்காணிப்பின் தளர்வுமே; மொழி ஒன்றே காரணம் என்று கூறுவது பொய்யாகும். ஆயினும் பேராசை எதன்மேல் ஏறி நடக்கின்றது? தொழிலாளியின் வாய் திறவாமையின்மேல் ஏறி நடக்கின்றது. தன் அறையின் வரம்பு எத்தனை பேர், எத்தனை கிலோ, கதவு எப்பக்கம் திறத்தல் வேண்டும் என்று தன் மொழியில் ஐயமின்றி அறிந்து, ஆய்வுக்கு வரும் அலுவலர் முன் நின்று, தன் மொழியிலே அதை எடுத்துரைக்க வல்லவள் ஒருத்தி ஒவ்வோர் அறையிலும் இருப்பாளாயின், மீறுதல் அத்துணை எளிதாகாது. அவ்வறிவை அவளுக்கு வழங்காமல் அவளை அங்கே அமர்த்துவது கண்ணைக் கட்டிக் கிணற்றுவிளிம்பில் நடக்கவிடுவதை ஒக்கும்.

தொழிலுக்குத் தமிழ் போதாது என்பார் சிவகாசியின் வரலாற்றையே அறியார். 1920களின் தொடக்கத்திற் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று மீண்ட அய்ய நாடாரும் சண்முக நாடாரும் அதைத் தமிழ்மண்ணில் தமிழர் கைக்குத் தமிழிலேயே கற்பித்தனர். திரி, குழாய், சரவெடி, தரைச்சக்கரம், பூச்சட்டி, மணிமருந்து என்று அத்தொழில் தானே சொல்லாக்கிக் கொண்டது. எந்தப் புலவரும் குழு கூட்டி ஆக்கித் தரவில்லை. கையறிவு இருக்கும் இடத்திற் சொல் பிறக்கும். சட்டம் மட்டும் அக்கையை நோக்கிக் குனியவில்லை.

ஆங்கிலம் சோறு போடுகின்றது, தமிழ் போடுமா என்று கேட்பார் உளர். ஆங்கிலம் கற்கற்க என்று அறிவுடையார் எவரும் கூறார். பல மொழி பயின்ற பாவாணரே தனித்தமிழின் தலைமகனாய் விளங்கினார். பிறமொழி அறிவு அவர் தமிழை மழுக்கவில்லை, கூராக்கிற்று. கற்கும் முறையே இங்கு வழக்கு. திண்ணையைத் திண்ணை என்று அறிந்து, அதன் உயரம், அதன் நிழல், அதில் அமர்ந்த வழிப்போக்கர், அது தெருவுக்கும் வீட்டுக்கும் இடைப்பட்ட உறவு என்று தமிழிற் சொல்லப் பழகிய நாவே, அதை ஆங்கிலத்தில் நான்கு எளிய தொடர்களிற் கூறவும் வல்லதாகும். கருத்து ஓடினால் நா ஓடும். கருத்தற்றவனுக்கு எம்மொழியும் ஊமை மொழியே.

ஆகவே செய்தற்குரியன மூன்று. முதலாவது: ஐந்தாம் வகுப்பு முதற்கொண்டு தமிழுக்குப் பேச்சுத்தேர்வு வருதல் வேண்டும். தன் வீடு, தன் தெருக்கோயில், தன் பெற்றோர் உழைக்கும் ஆலை, தன் ஊர்க் கண்மாயின் மடை ஆகியவற்றைக் கண்டு வந்து, ஆசிரியர் முன் நின்று, இரண்டு மணித்துளி தூய தமிழிற் பேசுதல் வேண்டும். அதற்கு மதிப்பெண் வேண்டும். ஆங்கில ஆசிரியரும் அதே பொருளை அடுத்த நாள் ஆங்கிலத்திற் பேசச்செய்வாராயின் இரு மொழியும் ஒருங்கே வளரும்.

இரண்டாவது: வெடிபொருள் நெறிமுறைகளும் உரிமங்களும் ஆலைக்கட்டட வரைபடங்களும் தமிழிலும் சட்ட வலிவுடைய மூலமாக வழங்கப்பெறுதல் வேண்டும். ஆலைக்குள் அமரும் ஒவ்வொருவரிடமும், அவருக்கு முன்னதாக ஆலை நடத்துவோரிடமும், அவ்வறையைப் பற்றி வாய்மொழித் தேர்வு தமிழில் நடத்தப்பெறுதல் வேண்டும். இவ்வறையில் எத்தனை பேர்? எத்தனை கிலோ? தீ எழுந்தால் எக்கதவு வழியே எத்திசைக்கு ஓடுதல் வேண்டும்? இவற்றிற்கு விடை கூறாதவர் அவ்வறைக்குட் செல்லுதல் ஆகாது. விடை கற்பிக்காத முதலாளி உரிமம் பெறுதல் ஆகாது. பிரித்தானியாவின் மருத்துவமனைக்குள் நுழையப் பேச்சுத்தேர்வு உண்டெனின், உயிரைப் பறிக்கும் மருந்தறைக்குள் நுழைய ஏன் இல்லை?

மூன்றாவது தமிழன்பர் தம் கடமை. கொத்தனார், தச்சர், கல்தச்சர், வெடியாலைத் தொழிலாளர் ஆகியோர் வாயில் இன்னும் உயிரோடிருக்கும் சொற்களைத் தொகுத்தல் வேண்டும். 1974ஆம் ஆண்டு பாவாணர் தலைமையில் தொடங்கிய செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டம் சொல்லின் வேரைத் தேடிற்று. அவ்வேரினின்று கிளைத்த வட்டாரத் தளிர்கள் ஊர்தோறும் உள்ளன. ஒரு முதிய கொத்தனார் மறையுந்தோறும் ஒரு பக்கம் கிழிகின்றது. விடுமுறைநாள் ஒன்றில் ஒரு குறிப்பேட்டோடு அவர்முன் அமர்வதற்கு அரசாணை வேண்டுவதில்லை.

விருதுநகர்த் தேசபந்து திடலில் 1956ஆம் ஆண்டு ஒரு முதியவர் உண்ணாமற் கிடந்தார். இந்நிலத்திற்குத் தமிழ்நாடு என்று பெயர் வேண்டும் என்பது அவர் வேண்டுகோள்களுள் தலையாயது. ஆட்சியிலிருந்தோர் செவி சாய்க்கவில்லை. அவ்வாண்டு அகுதோபர் 13ஆம் நாள் சங்கரலிங்கனார் உயிர் நீத்தார். அவர் கேட்ட பெயர் 1969ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. வீட்டின் பெயருக்காக ஒருவர் உயிர் கொடுத்த ஊர் விருதுநகர். அவ்வீட்டின் கதவும் காலதரும் கிடங்கும் கூடமும், அதில் உழைத்து மாயும் ஏழைப்பெண்ணின் அறையும், இன்னும் தமிழ்ப்பெயரின்றியும் தமிழ்ச்சட்டமின்றியும் நிற்கின்றன. பெரும்பெயரைப் பெற்றுத் தந்தவர் கடமை முடிந்தது. சிறுபெயர்களை மீட்டு, அவற்றைக் குழந்தைகளின் நாவில் வைக்கும் கடமை இன்றுள்ள தமிழர்க்கு உரியது. அக்கடமையைத் தமிழர் இன்றே மேற்கொள்க!